நிறுவப்பட்ட குறுக்கு நிரல்பெயர்ப்பிகளைச் சோதிக்கும் கட்டளைநிரல்கள்: தமிழ்ப் பனுவலை உரைகல்லாகக் கொண்ட ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வகைக் கணினியில் இயங்கிக்கொண்டு, வேறொரு வகைக் கணினிக்கு உரிய இயங்குகோப்பை ஆக்கித் தரும் மென்பொருள் குறுக்கு நிரல்பெயர்ப்பி எனப்படும். இதனைக் கட்டிய இடத்தில் சோதிப்பதற்கும், நிறுவிய பின்னர்ச் சோதிப்பதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. நிறுவப்பட்ட பெயர்ப்பியைச் சோதிக்கும் கட்டளைநிரல்கள் எவ்விடங்களில் தவறான நம்பிக்கையைத் தோற்றுவிக்கின்றன என்பதையும், அவற்றை எவ்வாறு செம்மைப்படுத்தலாம் என்பதையும் ஜிசிசி பெயர்ப்பியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் எழுத்துகளின் பைட்டு மதிப்புகள் இச்சோதனைக்கு எளிய உரைகல்லாக அமைவதும் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறுக்கு நிரல்பெயர்ப்பி, ஜிசிசி, டெஜாக்னு, கட்டளைநிரல், ஒருங்குறி, ஆர்ம் செயலி.

1. முன்னுரை

கணித்தமிழ் ஆய்வில் சொல்லடைவு, எழுத்து எண்ணிக்கை, சொற்பிரிப்பு முதலியவற்றுக்கான நிரல்கள் பெரும்பாலும் மேசைக்கணினியில் எழுதப்படுகின்றன. அவை பின்னர்க் கைப்பேசிக்கோ ராஸ்ப்பெர்ரி பை போன்ற சிறுகணினிக்கோ கொண்டு செல்லப்படுகின்றன. மேசைக்கணினியின் செயலி பொதுவாக எக்ஸ்86 வகை; கைப்பேசியின் செயலி பொதுவாக ஆர்ம் வகை. ஒன்றுக்கான இயந்திரமொழி மற்றொன்றுக்குப் புரியாது. எனவே சி போன்ற மொழிகளில் எழுதப்பட்ட பகுதிகளை, மேசைக்கணினியில் இருந்தபடியே ஆர்ம் செயலிக்காகப் பெயர்த்தல் வேண்டும். இப்பணியைச் செய்வதே குறுக்கு நிரல்பெயர்ப்பி. இதனைக் கிராஸ் கம்பைலர் என்றும் வழங்குவர்.

பெயர்ப்பி பிழைபட்டாலும், சரியான பெயர்ப்பிக்கு மாற்றாக வேறொன்று இயங்கினாலும், நிரலின் விடையில் பிழை நேரும். ஆய்வாளரோ அப்பிழையைத் தம் நிரலிலும் தரவிலும் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே பெயர்ப்பியைச் சோதிக்கும் கட்டளைநிரல் என்ன கூறுகிறது, எதை அறிந்து கூறுகிறது என்பது கருவி செய்வோருக்கு மட்டுமன்றிக் கருவியைக் கொண்டு ஆய்வு செய்வோருக்கும் உரிய வினாவாகும்.

2. மூவகைக் கணினிகள்

1987ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் முதன்முதலாக வெளியிட்ட ஜிசிசி, இன்று பல செயலிகளுக்கான பெயர்ப்பியாக விளங்குகிறது. அதன் அமைப்பு முறையில் மூன்று கணினிகள் வேறுபடுத்திக் கூறப்படுகின்றன. பெயர்ப்பி எந்தக் கணினியில் கட்டப்படுகிறதோ அது கட்டும் கணினி. கட்டப்பட்ட பெயர்ப்பி எதில் இயங்குமோ அது இயக்கும் கணினி. பெயர்ப்பி ஆக்கித் தரும் கோப்பு எதில் இயங்க வேண்டுமோ அது இலக்குக் கணினி. மூன்றும் ஒன்றாயின் அது இயல்புப் பெயர்ப்பி. முதல் இரண்டும் ஒன்றாக, இலக்கு மட்டும் வேறாயின் அது குறுக்குப் பெயர்ப்பி.

ஒவ்வொரு கணினி வகைக்கும் செயலி, இயங்குதளம் முதலியவற்றைச் சேர்த்துக் கூறும் பெயர்த்தொடர் ஒன்று உண்டு. 64 பிட்டு ஆர்ம் செயலியில் லினக்ஸ் இயங்கும் இலக்குக்கு ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு என்பது அத்தகைய தொடர். குறுக்குப் பெயர்ப்பியின் கட்டளைப் பெயரும் இத்தொடரை முன்னொட்டாகக் கொண்டு வரும். இயல்புப் பெயர்ப்பிக்கு முன்னொட்டின்றி ஜிசிசி என்பதே பெயர். சோதனையில் நேரும் குழப்பங்கள் பலவற்றுக்கு இம்முன்னொட்டே காரணமாகிறது.

3. கட்டிய இடமும் நிறுவிய இடமும்

பெயர்ப்பியைக் கட்டியவுடன், கட்டிய அடைவிலேயே அதன் சோதனைத் தொகுதியை இயக்குவது வழக்கம். அப்போது, பெயர்ப்பி தனக்குத் தேவையான உறுப்புகளைக் கட்டிய அடைவிலேயே தேடுமாறு சோதனைத் தொகுதி வெளிப்படையாகக் கட்டளையிடுகிறது. அசெம்பிளர், இணைப்பி, தொடக்கக் கோப்புகள், தலைப்புக் கோப்புகள், துணை நூலகங்கள் ஆகியவை நிறுவப்பட்ட இடத்தில் உள்ளனவா என்பதை அச்சோதனை அறியாது.

இந்நிலையை நூற்பதிப்போடு ஒப்பிடலாம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது ஒரு பணி. கட்டமைப்பு முடிந்து வாசகர் கைக்கு வந்த படியில் எல்லா ஃபாரங்களும் உள்ளனவா என்று புரட்டிப் பார்ப்பது வேறொரு பணி. மெய்ப்பில் ஒரு பிழையும் இல்லாத நூலிலும் பதினாறு பக்கங்கள் விடுபட்டிருக்கக்கூடும். நிறுவப்பட்ட பெயர்ப்பியைச் சோதிப்பது இரண்டாவது பணியை ஒத்தது.

இத்தேவையை முன்னிட்டே ஜிசிசி மூல நிரல் தொகுப்பின் கான்ட்ரிப் அடைவில், நிறுவப்பட்ட பெயர்ப்பியின்மீது சோதனைத் தொகுதியை இயக்குவதற்கெனத் தனிக் கட்டளைநிரல் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. டெஸ்ட்_இன்ஸ்டால்டு என்பது அதன் பெயர். உண்மையில் சோதனைகளை நடத்துவது டெஜாக்னு என்னும் சட்டகம். டிசிஎல் மொழியையும் எக்ஸ்பெக்ட் கருவியையும் அடிப்படையாகக் கொண்ட டெஜாக்னு, இலக்குக் கணினி எது, அதனோடு எவ்வாறு தொடர்பு கொள்வது ஆகிய செய்திகளைத் தனிக் கோப்புகளிலிருந்து பெறுகிறது. நிறுவப்பட்ட பெயர்ப்பிக்கு இச்செய்திகளைச் சரியாகத் தருவதே கட்டளைநிரலின் தலையாய கடமை.

4. தவறான நம்பிக்கை தோன்றும் இடங்கள்

4.1 ஊகித்தல்

ஜிசிசி தொகுப்பில் கணினி வகையை ஊகிக்கும் கான்ஃபிக்.கெஸ் என்னும் கோப்பு உண்டு. அது ஊகிப்பது தான் இயங்கும் கணினியின் வகையை மட்டுமே. இயல்புப் பெயர்ப்பிக்கு அவ்விடை போதும். குறுக்குப் பெயர்ப்பிக்கோ அது பிழையான விடை. இலக்கை ஊகித்தறிய வேண்டியதில்லை. பெயர்ப்பியையே வினவி அறியலாம். டம்ப்மெஷின் என்னும் விருப்பக் கட்டளையைத் தந்தால் ஜிசிசி தன் இலக்கின் பெயர்த்தொடரை அச்சிட்டுக் காட்டும்.

4.2 மாற்றுப் பெயர்ப்பியைத் தேடுதல்

முன்னொட்டுடைய பெயர்ப்பி கிடைக்காதபோது, முன்னொட்டில்லாத ஜிசிசியைத் தேடிச் செல்லும் வழக்கம் பல கட்டளைநிரல்களில் உள்ளது. ஆட்டோகான்ஃப் கருவியும் இவ்வாறு தேடும்; ஆயினும் ஓர் எச்சரிக்கை வரியை அச்சிடும். அவ்வரி நீண்ட பதிவுகளுக்கிடையே எளிதில் மறைந்துவிடும். அதன்பின் நடக்கும் சோதனைகள் அனைத்தும் மேசைக்கணினியின் பெயர்ப்பியைச் சோதித்து, அனைத்தும் வெற்றி என்று அறிவிக்கும். சோதிக்க எண்ணிய பெயர்ப்பி அங்கு இல்லவே இல்லை. தோல்வி அறிக்கை ஒருவரைத் தேடத் தூண்டும். இத்தகைய வெற்றி அறிக்கை தேடலையே நிறுத்திவிடும். ஆதலின் இதுவே மிகக் கொடிய பிழை எனலாம்.

4.3 இயக்கிப் பார்த்து வகை அறிதல்

ஆக்கப்பட்ட கோப்பு இவ்விடத்தில் இயங்கவில்லையெனில் அது குறுக்குப் பெயர்ப்பு என்று முடிவு செய்வது பழைய முறை. இன்று லினக்ஸில், கியூஎமு எமுலேட்டரையும் கெர்னலின் பின்ஃபிம்ட்-மிஸ்க் வசதியையும் இணைத்து வைத்தால், ஆர்ம் செயலிக்குரிய கோப்பும் எக்ஸ்86 கணினியில் இயல்பாக இயங்குவது போலவே தோன்றும். எனவே இயங்குதல், இயங்காமை இரண்டும் கணினி வகையை உணர்த்தும் சான்றுகள் ஆகா.

4.4 திரும்பு எண்ணை இழத்தல்

ஒரு நிரல் முடியும்போது தரும் திரும்பு எண்ணைக் கொண்டே வெற்றி தோல்வி அறியப்படுகிறது. பூச்சியம் வெற்றியைக் குறிக்கும். சோதனையின் வெளியீட்டைப் பதிவுக் கோப்பில் சேர்ப்பதற்காகக் குழாய்க் குறியால் வேறொரு கட்டளையோடு இணைத்தால், ஷெல் இயல்பாகத் தருவது இறுதிக் கட்டளையின் திரும்பு எண்ணே. பதிவு செய்யும் கட்டளை வெற்றி பெற்றால் சோதனையும் வெற்றி பெற்றதாகிவிடும்.

இலக்குக் கணினியோடு எஸ்எஸ்எச் வழியாகத் தொடர்பு கொள்ளும்போதும் இவ்வகைச் சிக்கல் எழுகிறது. எஸ்எஸ்எச் பொதுவாகத் தொலைவில் இயங்கிய நிரலின் திரும்பு எண்ணையே தரும். தொடர்பே அறுந்தால் 255 என்னும் எண்ணைத் தரும். அவ்வெண்ணைக் கண்டதும் பெயர்ப்பி தோற்றது என எழுதினால், வலையமைப்பின் குறை பெயர்ப்பியின்மீது ஏற்றப்படும்.

இயங்குதளமே இல்லாத சிறுபலகைகளில் திரும்பு எண்ணைப் பெற்றுக்கொள்வதற்கு எவரும் இல்லை. அதனால் டெஜாக்னு, நிரலின் முடிவில் திரும்பு எண்ணைத் தனி வரியாக அச்சிடும் சிறு உறையைச் சேர்த்து, அவ்வரியைப் படித்து முடிவை அறிகிறது. இம்முறையை எஸ்எஸ்எச் வழிச் சோதனைக்கும் கைக்கொள்ளலாம். நிறைவு வரி வந்திருந்தால் நிரல் இறுதிவரை ஓடியது என்பது உறுதி. வராவிடின் காரணத்தைத் தனியே ஆராய வேண்டும்.

5. தமிழ் எழுத்து என்னும் உரைகல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பெயர்ப்பிச் சோதனையில் வணக்கம் என்று அச்சிடும் சிறு நிரலையே அந்த ஒரு சோறாகக் கொள்வது வழக்கம். எந்தப் பெயர்ப்பியில் ஆக்கினாலும் அந்நிரல் ஒரே விடையைத் தரும். ஆகவே பெயர்ப்பிகளை வேறுபடுத்திக் காட்ட அது பயன்படாது. இலக்குக்கு ஏற்ப விடை மாறுபடும் நிரலே இங்கு வேண்டப்படுகிறது. தமிழ்ப் பனுவலைக் கையாளும் நிரலில் அத்தகைய மாறுபாடு இயல்பாகவே அமைந்துள்ளது.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள். யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். தமிழ் என்னும் சொல் இலக்கண நோக்கில் மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்; ஆகப் பதினைந்து பைட்டுகள். தகரத்தின் இடம் 2980; அதன் பைட்டுகள் 224, 174, 164. புள்ளியின் இடம் 3021. அதன் பைட்டுகள் 224, 175, 141. தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் குறையாது.

சி மொழியில் ஒரு பைட்டைத் தாங்கும் சார் என்னும் தரவு வகை, எதிர்ம எண்ணையும் ஏற்குமா, ஏற்காதா என்பதை மொழித்தரம் வரையறுக்கவில்லை. பெயர்ப்பியின் முடிவுக்கு விட்டுள்ளது. எக்ஸ்86 லினக்ஸில் அது குறியுடையது. −128 முதல் 127 வரை கொள்ளும். ஆர்ம் லினக்ஸில் அது குறியற்றது; 0 முதல் 255 வரை கொள்ளும். எனவே தகரத்தின் மூன்று பைட்டுகள் முன்னதில் −32, −82, −92 எனவும், பின்னதில் 224, 174, 164 எனவும் படிக்கப்படும்.

பூச்சியத்தினும் குறைந்த பைட்டுகளை எண்ணி, மூன்றால் வகுத்துத் தமிழ்க் குறியீடுகளைக் கணக்கிடும் நிரல் ஒன்றைக் கொள்வோம். தமிழ் என்னும் சொல்லுக்கு எக்ஸ்86 லினக்ஸில் அது 5 என்று விடை தரும். ஆர்ம் லினக்ஸில் 0 என்று விடை தரும். பெயர்ப்பிகள் இரண்டுமே தத்தம் மரபின்படி சரியாக நடந்துள்ளன. நிரல்தான் ஓர் இலக்கின் மரபை எல்லா இலக்குகளுக்கும் பொதுவெனக் கொண்டது. பைட்டைக் குறியற்றதாக மாற்றி, 128க்குக் குறையாதவற்றை எண்ணுமாறு எழுதினால் இரண்டிலும் 5 என்றே வரும்.

இவ்விரு வடிவங்களையும் சோதனையில் சேர்த்தால் பெயர்ப்பியின் நிலையைப் பிரித்தறியலாம். ஆர்ம் லினக்ஸை இலக்காகக் கொண்ட சோதனையில், பொது வடிவம் 5 எனவும் மரபு சார்ந்த வடிவம் 0 எனவும் விடை தருதல் வேண்டும். இரண்டும் 5 எனின், மேசைக்கணினியின் பெயர்ப்பி இடையில் புகுந்துள்ளது. அல்லது சார் வகையைக் குறியுடையதாக்கும் விருப்பக் கட்டளை எங்கோ சேர்ந்துள்ளது. பொது வடிவமே 5 தரவில்லையெனின், மூல நிரலின் எழுத்துக் குறியாக்கம் வழியில் சிதைந்ததா என்பதையும், பெயர்ப்பியிலேயே பிழை உள்ளதா என்பதையும் ஆராய வேண்டும்.

எதிர்பார்க்கும் விடை எங்கிருந்து பெறப்படுகிறது என்பதும் இங்கே தெளிவாகிறது. மேசைக்கணினியில் ஒருமுறை இயக்கிக் கிடைத்த விடையையே அளவுகோலாகக் கொண்டால், சரியான குறுக்குப் பெயர்ப்பி தோற்றதாகவும், இடையில் புகுந்த பெயர்ப்பி வென்றதாகவும் அறிக்கை வரும். அளவுகோல் இலக்கின் மரபிலிருந்தே பெறப்பட வேண்டும்.

மற்றொரு சான்றும் கருதத்தக்கது. கோப்பின் முடிவை அறிவிக்கும் எண் லினக்ஸில் −1. படித்த மதிப்பைச் சார் வகையில் இருத்தி, −1 வரும்வரை சுழலும் நிரல், எக்ஸ்86 லினக்ஸில் தமிழ்க் கோப்பை முறையாகப் படித்து நிற்கும். −1 ஆகத் தோன்றக்கூடிய 255 என்னும் பைட்டு யுடிஎஃப்-8 முறையில் வருவதேயில்லை; அதனால் குறை வெளிப்படாது. ஆர்ம் லினக்ஸில் அவ்விடம் −1 என்னும் மதிப்பை ஏற்காமையால் நிரல் ஒருபோதும் நிற்காது. எனவே ஒவ்வொரு சோதனைக்கும் கால எல்லை வகுத்தலும், எல்லை கடந்தமையைத் தனியே பதிதலும் இன்றியமையாதவை.

6. செம்மைப்படுத்தப்பட்ட சோதனையின் படிநிலைகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், கட்டளைநிரல் ஐந்து படிகளாக அமைதல் நன்று. ஒரு படி நிறைவேறாதபோது அடுத்த படிக்குச் செல்லலாகாது.

முதற்படி அடையாளம் காணல். பெயர்ப்பியை முழுப் பாதையோடு அழைத்து, அதன் இலக்குத் தொடரை வினவி, எதிர்பார்த்த தொடரோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிடின் அங்கேயே நிறுத்த வேண்டும். மாற்றுப் பெயர்ப்பியைத் தேடுதல் கூடாது.

இரண்டாம் படி நிறுவலின் முழுமை. அசெம்பிளர், இணைப்பி, தொடக்கக் கோப்பு ஆகியவற்றின் இருப்பிடத்தைப் பெயர்ப்பியிடமே வினவலாம். தன் தேடுபாதையில் ஓர் உறுப்பு காணப்படாதபோது ஜிசிசி பாதையின்றி வெறும் பெயரை மட்டும் அச்சிடும். அசெம்பிளருக்கு வெறும் பெயர் வந்தால், மேசைக்கணினியின் அசெம்பிளரே அழைக்கப்படும் இடர் உண்டு. இப்படியைத் தூய சூழலில் நடத்த வேண்டும். நூலகப் பாதை, தலைப்புக் கோப்புப் பாதை முதலியவற்றைக் குறிக்கும் சூழல் மாறிகளை நீக்கிவிட்டு, கட்டிய அடைவையும் எட்டாதபடி செய்தல் சிறப்பு.

மூன்றாம் படி இயக்காமல் ஆராய்தல். ஆக்கப்பட்ட இடைக்கோப்பின் இஎல்எஃப் தலைப்பில் செயலி வகை ஓர் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 64 பிட்டு எக்ஸ்86 செயலிக்கு 62, 32 பிட்டு ஆர்முக்கு 40, 64 பிட்டு ஆர்முக்கு 183, ரிஸ்க்-5 செயலிக்கு 243. இலக்குக் கணினி கையில் இல்லாதபோதும் இதனைப் பார்க்க இயலும்.

நான்காம் படி இணைத்தல். நிலைத்த இணைப்பு, இயங்குநேர இணைப்பு இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இயங்குதளமற்ற இலக்குகளுக்குப் பலகைக்குரிய இணைப்புக் கட்டளைகள் தேவைப்படும். அவற்றைத் தராமல் சோதனைத் தொகுதியை இயக்கினால் ஒரே காரணத்தால் எண்ணிறந்த தோல்விகள் பதிவாகும். ஆதலின் மிகச் சிறிய நிரல் ஒன்று இணைகிறதா என முதலில் பார்த்துவிட்டே முழுத் தொகுதிக்குச் செல்ல வேண்டும்.

ஐந்தாம் படி இலக்கில் இயக்குதல். இலக்கில் உள்ள சி நூலகம் பெயர்ப்பியோடு வந்த நூலகத்தினும் பழையதாயின், சரியாக ஆக்கப்பட்ட கோப்பும் இயங்க மறுக்கக்கூடும். ஆகவே இலக்கின் நூலகப் பதிப்பையும் அறிக்கையில் குறித்தல் வேண்டும். எமுலேட்டரில் பெற்ற முடிவையும் உண்மைப் பலகையில் பெற்ற முடிவையும் ஒன்றாகக் கலக்கலாகாது. கியூஎமுவின் பயனர் முறையில் செயலியின் கட்டளைகள் மட்டுமே பாவனை செய்யப்படுகின்றன, கெர்னல் மேசைக்கணினியினுடையதே.

7. முடிவுகளுக்குப் பெயரிடல்

வெற்றி, தோல்வி என்னும் இரண்டே சொற்களால் மேற்கண்ட நிலைகள் அனைத்தையும் கூற இயலாது. போசிக்ஸ் 1003.3 தரத்தைத் தழுவிய டெஜாக்னு ஐந்து முடிவுகளை வேறுபடுத்துகிறது. எதிர்பார்த்தபடி நடந்தது வெற்றி. சோதனை நடந்து, விடை பிழைபட்டது தோல்வி. சோதனை தொடங்கியும் முடிவு தெளியாதது தெளிவுறாமை. எழுதப்படாத அல்லது நடத்தப்படாத சோதனை சோதியாமை. இலக்கில் அதற்கு உரிய வசதியே இல்லாதது பொருந்தாமை. இவற்றோடு, முன்னரே அறிந்த குறையால் நேரும் எதிர்பார்த்த தோல்வியையும் அது தனியே குறிக்கிறது.

இப்பாகுபாட்டின்படி, எஸ்எஸ்எச் தொடர்பு அறுந்தால் அது தெளிவுறாமை. இலக்குப் பலகை இணைக்கப்படாமையால் ஐந்தாம் படி நடவாதெனின் அது சோதியாமை. இவற்றை வெற்றியிலும் சேர்க்கலாகாது, தோல்வியிலும் சேர்க்கலாகாது. சுவடி சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு விடும் பதிப்பாசிரியர், அங்கு ஒரு சொல் இருந்தது என்றும் அது தமக்குக் கிட்டவில்லை என்றும் வாசகருக்கு அறிவிக்கிறார். தம் ஊகத்தை மூலம் போல எழுதி நிரப்புவதில்லை. சோதனை அறிக்கைக்கும் இந்நெறியே பொருந்தும்.

அறிக்கையின் இறுதியில் வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் தருவது போதாது. எதிர்பார்த்த சோதனைகள் எத்தனை, நடந்தவை எத்தனை என்பதும் இடம்பெற வேண்டும். ஒரு சோதனையும் நடவாத அறிக்கையிலும் தோல்விகளின் எண்ணிக்கை பூச்சியமே.

8. முடிவுரை

நிறுவப்பட்ட குறுக்கு நிரல்பெயர்ப்பியைச் சோதிக்கும் கட்டளைநிரலைச் செம்மைப்படுத்துவது என்பது சோதனைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதன்று. எந்தப் பெயர்ப்பி சோதிக்கப்பட்டது, எந்த இலக்குக்காகச் சோதிக்கப்பட்டது, எந்தப் படிவரை சோதனை சென்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் அறிக்கையே விடை கூறும்படி செய்வதாகும். ஊகிப்பதை விடுத்துப் பெயர்ப்பியை வினவுதல், மாற்றுப் பெயர்ப்பியைத் தேடாமை, திரும்பு எண்ணைக் காத்தல், அளவுகோலை இலக்கின் மரபிலிருந்து பெறுதல், நடவாத சோதனையை நடவாததாகவே பதிதல் ஆகியவை அதற்கு வேண்டிய நெறிகள்.

ஆங்கில எழுத்துகளின் பைட்டு மதிப்பு 128க்குக் குறைவு. ஆதலின் ஆங்கிலப் பனுவலைக் கொண்டு மட்டும் செய்யப்படும் சோதனைகளில் சார் வகையின் குறிவேறுபாடு வெளிப்படாது. தமிழ்ப் பனுவலில் அது முதல் எழுத்திலேயே வெளிப்படும். எனவே கணித்தமிழ்க் கருவிகளை உருவாக்குவோர் தம் சோதனைத் தொகுதியில் தமிழ்ச் சொற்களைச் சேர்ப்பது தம் மொழிக்குச் செய்யும் பணியாக அமைவதோடு, பெயர்ப்பியின் நம்பகத்தன்மையை அறிவதற்கான பொதுக் கருவியாகவும் பயன்படும்.